பங்குனி மாத வரவு செலவு

எங்கள் ஊர்க் களத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு கூட்டம் கூடும். மேடை, மைக் ஒன்றும் கிடையாது. ஆறேழு பேர், ஒரு தூக்குப்போசி நிறைய டீ, ஒரு நீளக் கணக்கு நோட்டு, அவ்வளவுதான். அந்த வாரம் யார் தோட்டத்தில், யார் காட்டில் என்னென்ன குருவி கண்ணில் பட்டது என்று ஒவ்வொருவராகச் சொல்ல, நான் எழுதிக்கொள்வேன். முப்பத்துமூன்று வருடம் வங்கியில் பேரேட்டோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஊர், சென்னிமலைப் பக்கம். கொஞ்சம் கீழ்பவானி வாய்க்கால் பாசனம், கொஞ்சம் கிணற்றுத் தோட்டம், மிச்சம் கிளுவை வேலி போட்ட கொறங்காடு. வருகிறவர்களில் ஆடு மேய்க்கும் ஓர் அக்கா உண்டு. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, மரம் ஏறுவதை விட்டுவிட்ட ஒரு பெரியவர், பிறகு என்னைப் போல இயற்கை விவசாயம் செய்கிற இரண்டு பேர். முன்பு எனக்கு அடுத்த தோட்டத்துக்காரரும் வந்துகொண்டிருந்தார். அவர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நோட்டில் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. மற்ற மாதங்களில் இந்தப் பிரிவினைக்கு அவ்வளவு வேலை இருக்காது. பங்குனியும் சித்திரையும் வந்துவிட்டால் இரண்டு பக்கமும் நிரம்பி வழியும். குளிருக்கு வந்த குருவிகளெல்லாம் வடக்கே கிளம்புகிற நேரம் அது. ஊர்க்குருவிகள் ஜோடி சேர்ந்து கூடு வைப்பதும் அப்போதுதான். வேம்பு பூத்து, கல்யாண முருங்கை சிவந்து நிற்கும்போது எங்கள் ஊரில் யாருக்கும் பறவை பார்க்கக் கண்ணாடி தேவைப்படாது.

இந்த வருடம் பங்குனி கடைசி ஞாயிற்றுப் பக்கத்தில் இருப்பது இது. தகைவிலான், மெயின் ரோட்டுக் கரண்டுக் கம்பியில் அறுபது. முந்தின வாரம் இருநூறுக்கு மேல் இருந்தது. பழுப்புக் கீச்சான் ஒன்று, தென்னந்தோப்பு வேலியில், இன்னும் கிளம்பவில்லை. கிளுவை வேலிக்குள் நாக்கைச் சொடுக்குவது போல 'டக், டக்' என்று கத்துகிற சின்னக் கதிர்க்குருவி மூன்று இடத்தில் கேட்டது. ஆளைக் காணவில்லை, சத்தம் மட்டும்தான். கொறங்காட்டின் மேல் தாழப் பறந்துகொண்டிருந்த பூனைப்பருந்து இந்த வாரம் இல்லை. இதெல்லாம் பற்று. வரவில், ஆள்காட்டி முட்டை நான்கு, என் எள்ளுக் காட்டில். மண்கரையில் பஞ்சுருட்டான் வளை இரண்டு. குயில் விடிகாலை நாலரைக்கே ஆரம்பித்துவிட்டது. காக்கைக்கு இனி தூக்கமில்லை.

அந்தக் கீச்சான் மங்கோலியா, சைபீரியாப் பக்கம் போய்க் குஞ்சு பொரிக்கும் என்று தம்பி சொன்னபோது ஆட்டுக்கார அக்கா நம்பவே இல்லை. "ஏனுங் சாரு, எட்டு மாசம் நம்ம வேலியில உக்காந்து வெட்டுக்கிளி தின்னுட்டு, பிள்ளை பெத்துக்க மட்டும் அவ்வளவு தொலைவு போகுதாக்கும்?" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆனா நம்மூர்ல தலைப்பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்குப் போறதில்லீங்களா, அது மாதிரி" என்று அவரே முடித்துவைத்தார். இதைவிடத் தெளிவாக வலசையை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

ஏழு வகை

இந்தக் கூட்டம் தொடங்கியது எனக்கு ஏற்பட்ட ஓர் அவமானத்தால். ஐந்து வருடம் முன்பு பிப்ரவரி மாதம் டீச்சர் தன் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார். உலகம் முழுவதும் பிப்ரவரியில் நான்கு நாள் வீட்டைச் சுற்றியுள்ள பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். நம் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கலை ஒட்டியும் இதேபோல ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். முறை எளிது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று, கண்டதையும் கேட்டதையும் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். அதை ஈபேர்டு என்கிற தளத்தில் ஏற்றிவிட்டால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நான் இரசாயனத்தை விட்டு அப்போது இரண்டு வருடம் முடிந்திருந்தது. பஞ்சகவ்யம், மீன் அமிலம், மூடாக்கு எல்லாம் பழகியாயிற்று. பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் என் தோட்டத்தில் பதினைந்து நிமிடம் எண்ணினார்கள். ஏழு வகை. காக்கை, மைனா, மாடப்புறா, உண்ணிக்கொக்கு, பச்சைக்கிளி, கரிச்சான், ஒரே ஒரு தேன்சிட்டு. அடுத்து ஆட்டுக்கார அக்காவின் கொறங்காட்டுக்குப் போனார்கள். அங்கே முப்பத்தொன்று.

"உங்க தோட்டத்துல ஏழுதானுங்க சார்" என்று ஒரு சின்னப் பையன் வந்து நோட்டைக் காட்டினான். மனசு சுருக்கென்றது. மருந்து அடிக்காத என் தோட்டத்தைவிட, ஒன்றுமே செய்யாமல் ஆட்டுக்கு விட்டிருந்த புல்காட்டில் நான்கு மடங்குக்கு மேல் பறவை.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நான் வாங்கியபோது அந்தத் தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை வேலி இருந்தது. அடசலாக இருக்கிறதே, பாம்பு வருமே என்று ஜேசிபி விட்டுப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போட்டேன். உள்ளே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வாழை. வரப்பெல்லாம் சீவி மழமழவென்று வைத்திருந்தேன். மண்டை காய்ந்த தென்னை இரண்டையும் வெட்டிச் சாய்த்திருந்தேன். மருந்து இல்லை என்பது சரிதான். குருவி உட்கார, ஒளிய, முட்டையிட ஓரிடமும் இல்லை. வங்கிக்காரன் புத்தி, எல்லாம் நேர்கோட்டில் இருக்க வேண்டும்.

கொறங்காட்டில் என்ன இருந்தது என்றால் கிளுவை, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், நடுவே மழைத் தண்ணீர் நிற்க ஒரு குழி. ஆடுமாடு மேய்ந்ததால் புல் குட்டையாக இருக்கும் இடமும் உண்டு, மேயாமல் உயரமாக நிற்கும் இடமும் உண்டு. கௌதாரிக்கு ஒன்று, வானம்பாடிக்கு ஒன்று. நம் பாட்டன் பூட்டன் இதைப் பறவைக்காக வைக்கவில்லை, மாட்டுக்காக வைத்தார்கள். பறவை தானாக வந்து சேர்ந்துகொண்டது.

அதன் பிறகு நான் செய்தவை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கம்பி வேலியோரம் கிளுவைக் குச்சிகளை மறுபடி ஊன்றினேன். பயறு, கடலை, எள் போடும்போது ஏக்கருக்கு இருபது என்ற கணக்கில் பறவைத் தாங்கிக் குச்சிகளை, பயிருக்கு ஓர் அடி மேலே இருக்கும்படி நட்டேன். கரிச்சானும் மைனாவும் உட்காரும். கரிச்சான் அந்துப்பூச்சியைப் பறக்கும்போதே பிடித்துவிடும். நெல், சோளம், கம்பு போட்டவர்கள் கதிர் பால் பிடிக்கும் முன் குச்சியைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிக்கு நாமே நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்; இதை நான் ஒரு பட்டம் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். எலித் தொந்தரவு இருந்த வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைத்தேன். இரவில் கூகை வந்து உட்கார்வதற்கு அடையாளமாக, மட்டைக்குக் கீழே அது கக்கிப் போட்ட உருண்டை கிடக்கும். உடைத்துப் பாருங்கள், எலி மண்டையோடும் மயிரும் இருக்கும். அதைப் பார்த்த பிறகு எலி மருந்து வைக்க உங்களுக்கே மனம் வராது. மருந்து தின்ற எலியைக் கூகை தின்றால் கூகையும் போகும்.

போன பிப்ரவரிக் கணக்கெடுப்பில் என் தோட்டத்தில் இருபத்தாறு வகை. கொறங்காட்டை இன்னும் எட்டவில்லை. அக்கா இதை எனக்கு அடிக்கடி நினைவுபடுத்துவார்.

சூறைக்குருவி சொன்ன பாடம்

பற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு பங்குனியிலும் பெரிய எழுத்தில் வருவது சூறைக்குருவி. சோளப்பட்சி என்று சொன்னால் பலருக்கு உடனே தெரியும். மைனா அளவு, உடம்பு வெளிர் ரோஸ், தலையும் இறக்கையும் கருப்பு. தனியாக வரவே வராது. நூறாக, ஆயிரமாக, புகை மாதிரி வானத்தில் உருண்டு புரண்டு வந்து இறங்கும். என் முதல் வருடச் சோளத்தில் இறங்கியபோது, டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடி ஓடி என் முழங்கால் போனதுதான் மிச்சம். அன்றைக்கு யாராவது வந்து இது விவசாயிக்கு நண்பன் என்று சொல்லியிருந்தால் டப்பாவை அவர் மேல் எறிந்திருப்பேன்.

இந்தக் குருவி பங்குனி, சித்திரையில் இங்கிருந்து கிளம்பி மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குப் போய்க் குஞ்சு பொரிக்கிறது. அங்கே அதற்கும் குஞ்சுக்கும் வெட்டுக்கிளிதான் சாப்பாடு. சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் வெட்டுக்கிளியை அடக்குவதற்காக, இது கூடு வைக்க வசதியாகக் கற்களை அடுக்கி இடம் அமைத்தே கொடுத்திருக்கிறார்கள். இங்கே நாம் டப்பா தட்டி விரட்டுகிற அதே குருவியை அங்கே வருந்தி அழைக்கிறார்கள். நம்மூரிலும் அது சோளம் மட்டும் தின்பதில்லை. ஆலம்பழம், அரசம்பழம், கல்யாண முருங்கைப் பூவின் தேன், தரையில் வெட்டுக்கிளி, புழு என்று எல்லாம் சேர்த்தி. சோளம் பால் பிடிக்கும் இருபது நாள்தான் நமக்கும் அதற்கும் சண்டை. அந்த இருபது நாளும் காட்டில் ஆள் இருந்தே ஆக வேண்டும், வேறு வழியை நான் காணவில்லை.

களத்தில் பேசும்போது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூடு எங்கே இருக்கிறது என்ற செய்தி களத்தைத் தாண்டக் கூடாது. கௌதாரிக்கும் காடைக்கும் வலை வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தம்பி ஈபேர்டில் ஏற்றும்போதும் கூட்டின் இடத்தை எழுதுவதில்லை. புதிதாகக் குழு தொடங்குபவர்கள் இதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

ஆள்காட்டி முட்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது கூடு கட்டாது. வெறும் மண்ணில் லேசாகக் குழி பறித்து, மண்கட்டி நிறத்தில் நான்கு முட்டை வைக்கும். உழவு ஓட்டும்போது கண்ணுக்கே தெரியாது. ஆனால் தாய்க்குருவி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தித் தீர்த்துவிடும். எங்கள் டிராக்டர்காரத் தம்பி முதலில் சிரித்தார். இப்போது அவரே இறங்கிப் பார்த்து, முட்டையைச் சுற்றி நான்கு குச்சி நட்டுத் துணி கட்டிவிட்டு, இரண்டு பாய் அகலத்துக்கு இடம் விட்டு ஓட்டுகிறார். எள்ளில் எனக்கு அதனால் குறைந்தது ஒரு படிகூட இருக்காது.

டீச்சர் ஒரு வாரம் சத்தியமங்கலம் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, பிணந்தின்னிக் கழுகு பார்த்ததாகச் சொன்னார். களத்தில் அன்று வேறு பேச்சே இல்லை. பெரியவர் சின்ன வயதில் ஊர்க் கோடியில் மாடு செத்துக் கிடந்தால் கழுகு கூட்டமாக இறங்கியதைப் பார்த்திருக்கிறார். மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசிதான் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்து அழித்தது. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். 2023-இல் கீட்டோபுரொபன், அசிக்ளோபினாக் இரண்டையும் தடை செய்தார்கள். மாடு வைத்திருப்பவர்கள் வைத்தியரிடம் மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கேளுங்கள். அது கழுகுக்குக் கேடில்லாதது.

வரப்பில் கிடந்தவை

இனி அந்தத் தோட்டத்துக்காரர் கதை.

அவருக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. நான் வேலையில் இருந்தபோது அவருடைய நகைக்கடன் தவணை தாண்டி, ஏல நோட்டீஸ் போனது. கையெழுத்து என்னுடையது. நகையை எப்படியோ மீட்டுவிட்டார். நான் அவருக்கு அடுத்த தோட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்க்கால் முறையில்கூட விட்டுக்கொடுத்துத்தான் போனார். களத்துக்கும் வந்தார். குரலை வைத்தே குருவியைச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. செல்போனில் மெர்லின் என்ற செயலி சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார்.

அவருக்குப் பிரச்சினை மயில். கடலை போட்டால் கொட்டையைக் கிளறித் தின்றுவிடும், முளைத்து வந்தால் குருத்தைக் கிள்ளும். மக்காச்சோளம், மிளகாய், தக்காளி எதையும் விடுவதில்லை. முந்தின வருடம் இரண்டு தடவை மறுவிதைப்பு செய்தார். மயில் பெருகிவிட்டது என்று விவசாயி சொன்னால் மிகைப்படுத்துகிறான் என்று பட்டணத்தில் நினைக்கிறார்கள். 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற 2023-ஆம் ஆண்டு அறிக்கை, நம்மைப் போன்றவர்கள் ஏற்றிய கணக்குகளை வைத்துத்தான் தயாரானது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 204 குறைந்திருக்கின்றன, 98 அப்படியே இருக்கின்றன, 36 மட்டும் கூடியிருக்கின்றன. அந்த 36-இல் மயிலுக்கு முக்கிய இடம். நரி இல்லாமல் போனது, சீமைக்கருவேலம் அடர்ந்து மறைவிடம் கிடைத்தது என்று எங்கள் ஊரில் காரணம் சொல்வார்கள். ஆக, அவர் புலம்பலில் பொய் ஒன்றுமில்லை. சேத மனு ஒன்றை உரிய அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தோம். பதில் வரவில்லை.

போன வருடம் பங்குனியில் ஒரு காலை ஆட்டுக்கார அக்கா மூச்சிரைக்க என் தோட்டத்துக்கு வந்தார். எங்கள் இருவர் தோட்டத்துக்கும் நடுவிலுள்ள வரப்பில் மூன்று கௌதாரி, நான்கு மைனா, ஒரு செம்போத்து, கொஞ்சம் தள்ளி ஒரு பெண்மயில். எல்லாம் செத்து விறைத்துக் கிடந்தன. பக்கத்தில் நீலம் பூத்த மக்காச்சோளம் சிதறியிருந்தது. அக்காவின் ஆடு ஒன்றும் அதில் வாய் வைத்திருந்தது. சாயங்காலம் அதுவும் போனது. பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆடு.

களத்தில் அன்று சண்டை. தம்பி கொதித்தான். மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972 சட்டத்தில் முதல் அட்டவணை. கொன்றால் மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை, ஏழு வருடம் வரைகூடப் போகும். வனத்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றான். சொன்னோம். வந்தார்கள், மயிலை எடுத்துப் போனார்கள், யார் வைத்தது என்று கேட்டார்கள். கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. சந்தேகத்தைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தீர்மானம் இல்லை. தம்பி அதற்காக ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

தோட்டத்துக்காரர் களத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். வரப்பில் எதிரே வந்தபோது ஒன்றே ஒன்று சொன்னார். "உங்குளுக்கு மாசம் பொறந்தாப் பென்சன் வருதுங்க மேனேஜரே. குருவி எண்ணலாம். எனக்குக் கடலை மொளைச்சாத்தானுங்க சோறு."

எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. அவர் சொன்னதில் தப்பென்ன? பயிர்க்கடன் கொடுக்கும்போது உரத்துக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று கூறு போட்டுக் கையெழுத்துப் போட்டவன்தான் நான். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு, களத்தில்கூடச் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற முதல் வருடம் வாழைக்கன்று நட்டபோது, நூற்புழுவுக்கென்று குழிக்குக் குழி குருணை மருந்து போட்டேன். மறுநாள் காலை தோட்டத்தில் மைனாக்கள் தள்ளாடிக்கொண்டு கிடந்தன. தானியமென்று நினைத்துக் கொத்தியிருக்கும். ஆள்காரரை விட்டுக் குழி வெட்டிப் புதைக்கச் சொல்லிவிட்டு, நான் வீட்டுக்குள் போய்விட்டேன். எண்ணவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து இந்த மைனாக் கதையைச் சொன்னேன். அவர் வரப்பில் வைத்தது பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, இன்றுவரை. கிளம்பும்போது, சித்திரைப் பட்டத்துக்குக் கடலை எப்போது போடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

பன்னிரண்டு நாள்

கடலையைப் பொறுத்தவரை மயிலால் ஆபத்து அதிகம் இருப்பது போட்ட நாளிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள். அதுவும் பகல் முழுக்க அல்ல. காலை வெயில் ஏறும் வரை, பிறகு சாயங்காலம் நாலு மணிக்கு மேல். நடுப்பகலில் மயில் நிழலில் ஒதுங்கிவிடும். இது எங்கள் நோட்டில் நேரத்தோடு எழுதி வைத்திருந்ததால் தெரிந்தது. மூன்று வருடம் சும்மா எழுதியது அப்போதுதான் ஒரு காரியத்துக்கு ஆனது.

அவருடையது ஒன்றே கால் ஏக்கர். மயில் அடைகிற சீமைக்கருவேலப் புதரை ஒட்டி மூன்று பக்கமும் குச்சி நட்டுச் சேலை கட்டினோம். டீச்சரும் ஆட்டுக்கார அக்காவும் வீடு வீடாகப் போய் நாற்பதுக்கு மேல் பழஞ்சேலை வாங்கி வந்தார்கள். அக்கா ஆட்டைப் பறிகொடுத்தவர். அவர் வந்தது எனக்கே ஆச்சரியம். "ஆடு போனது போனதுதானுங்க. அவுங்க ஊட்டுலயும் பொம்பளைப் புள்ளை இருக்குது" என்றார். பன்னிரண்டு நாளும் காலையில் இரண்டு பேர், மாலையில் இரண்டு பேர் முறை வைத்துக் காவல். தோட்டத்துக்காரர் முதல் இரண்டு நாள் பம்புசெட் வாசலில் நின்று முறைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் டீ வந்தது. "காவலுக்கு வந்தவீங்க கையில நோட்டு எதுக்குங்க?" என்று கேட்டார். காவல் காத்துக்கொண்டே எண்ணினோம் என்பது உண்மைதான். அந்தப் பன்னிரண்டு நாளில்தான், ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு வாய்க்காலோரப் பாக்குத் தோப்பிலிருந்து ஆறுமணிக்குருவி இரட்டைச் சீட்டி அடித்தது. வடக்கே போகிற வழியில் ஒரு நாள் தங்கியிருக்க வேண்டும், மறுநாள் இல்லை.

சேலைக்கு அடியில் நுழைந்து வேலியோரம் நான்கு பாத்தியை மயில் காலி செய்தது. மற்றது முளைத்தது. மறுவிதைப்பு இல்லை. இதைத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். பத்து ஏக்கர் மக்காச்சோளம் போட்டவருக்கு நாற்பது சேலை எந்த மூலைக்கு? ஊரில் எல்லோரும் ஒரே வாரத்தில் கடலை போட்டால் காவலுக்கு ஆள் எங்கே போவது? இந்த வருடம் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். விதைப்பை வாரம் ஒருவராகத் தள்ளிவைத்துக்கொள்ள முடியுமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வாய்க்கால் தண்ணீர் முறை அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 2022-இல் ராம்சர் இடமாக அறிவித்தார்கள். அதைச் சுற்றியுள்ள ஊர்களில் பறவைகளுக்காகப் பல வருடமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் ஏரியின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்து, அந்த ஊர் மக்கள் இருநூறு வருடத்துக்கு மேலாகப் பறவையைக் காத்து வருகிறார்கள். அங்கெல்லாம் பறவையால் ஊருக்கு வரவு தெரிகிறது. மயிலால் என் பக்கத்துத் தோட்டத்துக்கு என்ன வரவு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதனால் சேலை கட்டுகிறோம்.

இந்தப் பங்குனி கடைசி ஞாயிறு களத்தில் டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. அவர்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு அவராகக் கூப்பிட்ட முதல் போன்.

"மேனேஜரே, என்ற காட்டு மொட்டைப் பனையில பனங்காடை ரெண்டு உள்ள போயிப் போயி வருதுங்க. வாயில வெட்டுக்கிளியோட. சூளைக்காரன் அந்த மரத்தைக் கேட்டுட்டு வந்து நிக்கறான்."

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியவர் கையைக் காட்டித் தடுத்தார். பனங்காடை அந்த 204 வகையில் ஒன்று, முப்பது சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்பதும் என் நாக்கு நுனியில் இருந்தது. அதையும் சொல்லவில்லை. "வந்து பார்க்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

எல்லோருமாகப் போனோம். எட்டி நின்று பார்த்தோம். வெட்டுக்கிளி, வண்டு, ஓர் ஓணான் குட்டி. அரை மணி நேரத்தில் பதினோரு தடவை வந்து போயின. இறக்கையை விரிக்கும்போது தெரியும் அந்த நீலத்தைப் பார்த்து டீச்சர் வீட்டுப் பாப்பா கை தட்டியது. தோட்டத்துக்காரர் சேலை வேலிக்குப் பழைய குச்சிகளைக் கூர் சீவிக்கொண்டே இருந்தார், எங்கள் பக்கம் வரவில்லை. கிளம்பும்போது தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "சூளைக்காரனை ஆடிக்கு மேல வரச் சொல்லிட்டனுங்க."

தூக்குப்போசியில் மிச்சமிருந்த டீயை அவருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம். நோட்டில் வரவுப் பக்கம் எழுதினேன்: பனங்காடை, இரண்டு. மொட்டைப் பனை. சொன்னவர் என்ற இடத்தில் அவர் பெயர்.